ஸ்பைனா பிஃபிடா உள்ள நாலரை வயது மகளுக்குத் துணி டயப்பருக்கு மாறலாமா? எலாஸ்டிக், தோல், உப்புத் தண்ணி சந்தேகங்கள்

சிறுமலைக்காற்று (கேள்வி)

மகளுக்கு நாலரை வயது, எடை 15 கிலோ. பிறவியிலேயே ஸ்பைனா பிஃபிடா (முதுகெலும்பும் தண்டுவடமும் சரியாக மூடாத குறை). முதுகு ஆபரேஷன் முடிந்தது, தலையில் ஷண்ட் (மூளையில் சேரும் நீரை வடிக்கும் குழாய்) இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி ரொம்பக் குறைவு. பகலில் மூணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கதீட்டர் (மெல்லிய குழாய்) விட்டு யூரின் எடுக்கிறோம், சிறுநீர்ப்பை இறுக்கம் தளர ஆக்ஸிபியூட்டினின் சிரப் கொடுக்கிறோம். அப்படியும் இடையில் கசிகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எனிமா. ஏ.எஃப்.ஓ. (கணுக்காலைத் தாங்கும் சாதனம்) மாட்டி வாக்கரைப் பிடித்துக் கொஞ்சம் நடப்பாள், மற்ற நேரமெல்லாம் வீல்சேர்.

இப்போது 24 மணி நேரமும் யூஸ் அண்ட் த்ரோ டயப்பர்தான். மாதச் செலவு 4,000 ரூபாயை நெருங்குகிறது. தொடை மடிப்பில் எலாஸ்டிக் பதியும் இடம் அடிக்கடி சிவந்துபோகிறது. துணிக்கு மாறலாம் என்று நினைக்கிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

ஈரம் பட்டாலும் அவளுக்குத் தெரியாது. துணி அவளுக்குப் பாதுகாப்பா? என்ன துணி, எத்தனை வேண்டும்? எங்கள் வீட்டில் போர் தண்ணி, நல்ல உப்பு, எப்படித் துவைப்பது? ஜிங்க் ஆக்ஸைடு க்ரீம் போடுகிறோம், துணியோடு ஒத்துப்போகுமா? லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) எதுவும் படக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். துணி டயப்பரில் அது இருக்குமா?

---

வார்டுசிஸ்டர்

கடைசியா கேட்டிருக்கீங்க பாருங்க, அந்த லேடெக்ஸைத்தான் முதல்ல பார்க்கணும். மத்தது எது தப்பாப் போனாலும் ரெண்டு நாள்ல சரி பண்ணிக்கலாம். ஸ்பைனா பிஃபிடா குழந்தைங்களுக்கு இயற்கை ரப்பர் அலர்ஜி வர்ற வாய்ப்பு மத்த குழந்தைங்களை விடப் பல மடங்கு அதிகம். பிறந்ததுல இருந்து ஆபரேஷன், கையுறை, கதீட்டர்னு ரப்பர் திரும்பத் திரும்பப் படறதுதான் முக்கியக் காரணம். இதுவரைக்கும் அலர்ஜி வரலைன்னா இனிமேலும் வராதுன்னு அர்த்தம் இல்ல. படப் படத்தான் வரும்.

துணி டயப்பர்ல ரப்பர் இருக்கக்கூடிய இடம் தொடை எலாஸ்டிக்கும் இடுப்பு எலாஸ்டிக்கும். மேல இருக்கிற நீர் புகாத துணி, அதாவது பி.யு.எல்., பாலியூரித்தேன் பூசின பாலியஸ்டர். அதுல ரப்பர் கிடையாது. எலாஸ்டிக் மட்டும் ரெண்டு வகையா வருது: ஒண்ணு ரப்பர் இழை மேல நூல் சுத்தினது, இன்னொண்ணு ரப்பர் இல்லாத ஸ்பான்டெக்ஸ் இழை. பார்வைக்கு ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளைப் பட்டைதான். "காட்டன் டயப்பர்", "ஆர்கானிக்"னு அட்டையில போட்டிருந்தா எலாஸ்டிக்கைப் பத்தி அது ஒண்ணும் சொல்லல. விக்கிறவங்ககிட்ட "எலாஸ்டிக்கில் இயற்கை ரப்பர் உண்டா?"ன்னு எழுத்துல கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க. பதில் மழுப்பலா வந்தா வாங்காதீங்க.

வீட்டுல இன்னும் ரெண்டு இடத்துல ரப்பர் ஒளிஞ்சிருக்கும். குழந்தைக்கு அடியில விரிக்கிற பச்சை, சிவப்பு ரப்பர் ஷீட்: டயப்பர் இல்லாம காத்தாட விடும்போது தோல் நேரா படறது இதுல. அதை எடுத்துட்டு பி.யு.எல். ஷீட் விரிங்க. அடுத்தது துவைக்கிறவங்க கையில போடற மஞ்சள் கலர் ரப்பர் கிளவுஸ். நைட்ரைல் இல்ல வினைல் வாங்கிக்கோங்க.

டயப்பர் மாத்தின கொஞ்ச நேரத்துல தடிப்பு, உதடோ கண்ணோ வீக்கம், தும்மல், மூச்சு இழுப்புன்னு வந்தா அதைத் துணிப் புண்ணுன்னு நினைச்சு வீட்டுல காத்திருக்கக் கூடாது. நேரா ஆஸ்பத்திரிதான்.

இப்ப தோல். உண்மையைச் சொல்லணும்னா, ஈரத்தைத் தோல்ல இருந்து பிரிச்சு வைக்கிறதுல யூஸ் அண்ட் த்ரோவுக்குத்தான் பலம். அதுக்குள்ள இருக்கிற ஜெல் யூரினைப் பிடிச்சு வச்சுக்கும். துணி உறிஞ்சும், ஆனா மேல உட்கார்ந்தா திரும்பக் கக்கும். உணர்ச்சி இருக்கிற குழந்தை நெளியும், அழும். உங்க பொண்ணுக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. அதனால துணி போடற நேரத்துல அவ சார்பா கடிகாரம்தான் பேசணும். நல்லவேளையா உங்களுக்கு அந்தக் கடிகாரம் ஏற்கெனவே ஓடிட்டிருக்கு: ஒவ்வொரு கதீட்டர் நேரமும் டயப்பர் மாத்தற நேரம். நடுவுல ஒரு தடவை கையை விட்டுப் பாருங்க. நனைஞ்சிருந்தா அப்பவே மாத்திடுங்க.

மாத்தும்போது வரிசை இதுதான். பழைய துணியை அவிழ்த்து, முன்னிருந்து பின்னுக்குத் தண்ணியில துடைச்சு, துணியை வாளியில போட்டுட்டு, கையை சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் கதீட்டரைத் தொடணும். துணி டயப்பர்ல கை அழுக்காகற வேலை அதிகம், அவசரத்துல கை கழுவறது விட்டுப்போகும். யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு அது போதும். யூரின் எடுத்து முடிச்ச பிறகு புதுத் துணி.

அவிழ்க்கும்போதெல்லாம் தொடை மடிப்பு, வால் எலும்பு, உட்காரும் எலும்பு, இடுப்புப் பட்டை விழற இடம் நாலையும் வெளிச்சத்துல பாருங்க. சிவப்பு தெரிஞ்சா விரலால அழுத்தி எடுங்க. வெளுத்துத் திரும்பச் சிவந்தா ரத்த ஓட்டம் இருக்கு. வெளுக்கவே இல்லன்னாலோ, அரை மணி நேரம் காத்தாட விட்ட பிறகும் சிவப்பு போகலன்னாலோ அது அழுத்தப் புண்ணோட ஆரம்பம். எந்த டயப்பரும் அந்த இடத்துல அழுந்தக் கூடாது, டாக்டர்கிட்டக் காட்டணும்.

சிவப்பு எந்த வடிவத்துல இருக்குங்கறதை வச்சே காரணத்தைப் பாதி சொல்லிடலாம். கோடு மாதிரியோ வட்டமாவோ இருந்தா தையல், பட்டன், எலாஸ்டிக். மேடான இடங்கள் சிவந்து மடிப்புக்குள்ள சுத்தமா இருந்தா ஈரமும் அம்மோனியாவும். மடிப்புக்குள்ளேயே செக்கச் செவேல்னு இருந்து சுத்திலும் சின்னச் சின்னப் பொட்டு இருந்தா பூஞ்சை. அதுக்கு ஜிங்க் க்ரீம் மட்டும் பத்தாது, பூஞ்சைக்கான மருந்து வேணும். துணி பட்ட இடம் முழுக்க ஒரே சீரா சிவந்திருந்தா துணியில சோப்பு நிக்குது.

க்ரீமை நிறுத்தாதீங்க. துணி கெட்டுப்போகும்னு டாக்டர் எழுதின க்ரீமை விடறது தலைகீழ் கணக்கு. பழைய வேட்டித் துணியை டயப்பர் அகலத்துக்கு வெட்டி க்ரீமுக்கும் டயப்பருக்கும் நடுவுல ஒரு அடுக்கு வைங்க, க்ரீம் அதோட நின்னுடும். க்ரீமைப் பட்டையா அப்பவும் வேண்டாம், மெல்லிசா ஒரு பூச்சு போதும்.

மலச்சிக்கலுக்கு லிக்விட் பாரஃபின் சேர்ந்த மருந்து ஏதாவது கொடுக்கிறீங்களா? அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா வெளிய கசியும். துணியில பட்டா தண்ணியே ஒட்டாத மாதிரி ஆயிடும். நாள்பூரா நல்லா உறிஞ்சிட்டிருந்த துணி திடீர்னு ஓரத்துல ஒழுகினா முதல்ல இதைச் சந்தேகப்படுங்க. கதீட்டருக்குப் போடற ஜெல்லி தண்ணியில கரையறதுதான், அதனால பிரச்சினை இல்ல.

என் கருத்து: பகல்ல வீட்டுல இருக்கிற நேரத்துல ஆரம்பிங்க. முதல் வாரம் காலையிலிருந்து மதியம் வரைக்கும். தோல் நல்லா இருந்தா சாயங்காலம் வரைக்கும் நீட்டுங்க. எனிமா கொடுத்த பிறகு மிச்சம் மீதி வந்துட்டு இருக்கும், அந்த நேரத்துக்கும் வயித்துப்போக்கு இருக்கிற நாளுக்கும் யூஸ் அண்ட் த்ரோவே இருக்கட்டும். ராத்திரிக்கு மாத்த வேண்டாம். ஒன்பது, பத்து மணி நேரம் மாத்தாம கிடக்கிற ஈரத்துணி உணர்ச்சி இல்லாத தோலுக்கு ஆகாது. ராத்திரி முழுக்க கதீட்டரைப் பையில வடிய விடச் சொல்லி உங்க டாக்டர் சொல்லியிருந்தா மட்டும் கதை வேற, அப்ப கசிவு குறைவா இருக்கும்.

"துணி போட்டா சீக்கிரம் பாத்ரூம் பழகிடுவாங்க"ன்னு யாராவது சொல்வாங்க. நரம்பு வேலை செய்யாத சிறுநீர்ப்பைக்கு அது பொருந்தாது. அந்த எதிர்பார்ப்பை அவ மேல வைக்காதீங்க.

---

நூல்கண்டு

துணி, அளவு, எண்ணிக்கை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கசிவை எடை போடுங்கள். சமையலறைத் தராசு போதும். இப்போது போடும் யூஸ் அண்ட் த்ரோவையே உலர்ந்ததாக ஒரு தடவை, அவிழ்த்ததும் ஒரு தடவை நிறுத்துக் கழியுங்கள். 1 கிராம் என்பது 1 மி.லி. மூன்று நாள் எழுதி வைத்தால் எந்த நேரம் எவ்வளவு கசிகிறது என்று தெரிந்துவிடும். வயதை 30-ஆல் பெருக்கி 30 கூட்டினால் அந்த வயதுக்குச் சராசரி சிறுநீர்ப்பைக் கொள்ளளவு, அதாவது நாலு வயதுக்கு 150 மி.லி. உங்கள் மகளுடையது வேறாக இருக்கலாம், யூரோடைனமிக் டெஸ்ட் (சிறுநீர்ப்பையின் அழுத்தத்தையும் கொள்ளளவையும் அளப்பது) ரிப்போர்ட்டில் இருக்கும். கசிவு மட்டுமே அந்த அளவை நெருங்கினால் பெரிய டயப்பர் தேடுவதை விட்டுவிட்டு அந்தக் குறிப்பை யூராலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். மருந்தின் அளவோ கதீட்டர் இடைவெளியோ மாற வேண்டியிருக்கலாம்.

அடுத்து, துணி எவ்வளவு தாங்கும்? உலர்ந்த துணியை நிறுத்து, தண்ணீரில் ஊறவைத்து, ஒரு நிமிடம் தொங்கவிட்டுச் சொட்டு நின்றதும் மறுபடி நிறுங்கள். வித்தியாசத்தில் பாதியை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். உட்கார்ந்த குழந்தையின் எடை மீதியைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். 80 மி.லி. கசிவுக்கு 160 மி.லி. பிடிக்கும் துணி வேண்டும்.

பிழிதல் என்றதும் மைக்ரோஃபைபர் ஞாபகத்துக்கு வருகிறது. மலிவான செட்டுகளில் கூட வரும் வெள்ளைப் பஞ்சு மாதிரியான பேட் அதுதான். வேகமாக உறிஞ்சும், ஆனால் அழுத்தினால் அப்படியே கக்கிவிடும். வீல்சேரில் உட்காரும் குழந்தைக்கு அது உதவாது. தோலில் நேராகப் பட்டால் தோலின் ஈரப்பசையையும் இழுத்து வறட்டிவிடும். பருத்திதான் சரி. ஹெம்ப் (சணல் போன்ற ஒரு நார்த் துணி) மெதுவாக உறிஞ்சும், ஆனால் நிறையப் பிடித்து வைக்கும். கிடைத்தால் பருத்திக்கு அடியில் ஒரு அடுக்கு வையுங்கள்.

என் முதல் தேர்வு கடையில் கிடைக்கும் தடித்த பேட் கிடையாது, ஈரிழைத் துண்டுதான். மெல்லிய நெசவு, நன்றாக உறிஞ்சும், விரித்துப் போட்டால் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். எட்டு அடுக்கு சேர்த்துத் தைத்த பேட் நாள் முழுக்கக் காயாது. ஐப்பசி கார்த்திகை மழையில் இந்த ஒரு வித்தியாசம்தான் துணி டயப்பர் தொடருமா நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும். துண்டை மூன்றாக மடித்து, கால் நடுவே வரும் பகுதிக்கு 12 செ.மீ. அகலம் வரும்படி இன்னொரு மடிப்பு. ஓரத்தில் கெட்டியான கரை இருந்தால் வெட்டிவிட்டு ஓவர்லாக் போடச் சொல்லுங்கள், கரை வால் எலும்பின் மேல் விழுந்தால் பதியும்.

புதுத் துணி முதலில் உறிஞ்சாது. கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் போக நாலைந்து தடவை சோப்புத்தூள் போட்டுத் துவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

தோலை ஒட்டி மேலே மைக்ரோஃப்ளீஸ் ஒரு அடுக்கு. ஃப்ளீஸ் தானாக ஈரத்தை வைத்துக்கொள்ளாது, கீழே விட்டுவிடும், அதனால் தோலில் படும் பக்கம் ஓரளவு உலர்ந்திருக்கும். உணர்ச்சி குறைந்த தோலுக்கு இதைத் தவிர்க்காதீர்கள். சித்திரை வைகாசியில் வேர்க்குரு வந்தால் மட்டும் பகலில் ஃப்ளீஸை எடுத்துவிட்டு வெறும் மல்மல் துணி வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

எண்ணிக்கை: பகலில் ஐந்து மாற்றம் என்று வையுங்கள். தினமும் துவைத்தால் வெயில் காலத்துக்கு 10 துண்டு, மழைக்கு 15. ஃப்ளீஸும் அதே அளவு. மேலே போடும் பி.யு.எல். கவர் 4 போதும். யூரின் மட்டும் பட்டிருந்தால் உள்ளே துடைத்துக் காற்றில் போட்டு அடுத்த தடவைக்கு அடுத்த தடவை மாற்றிப் போடலாம். மலம் பட்டால் உடனே துவைக்கப் போய்விட வேண்டும். முதலில் எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள். 2 கவர், 5 துண்டு வைத்து அளவு ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

பட்டன் வைத்து மடக்கும் "ஒன் சைஸ்" கவர்கள் பெரும்பாலும் 16, 17 கிலோவோடு முடிந்துவிடும். உங்கள் மகள் அந்த எல்லைக்கு வந்துவிட்டாள். ஆகவே பெரிய சைஸ் தேடுங்கள், இல்லையென்றால் தைத்துக்கொள்ளலாம். பி.யு.எல். மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. இப்போது சரியாகப் பொருந்தும் டயப்பரை விரித்து வைத்து பேப்பரில் வரைந்து, நீளத்தில் 4 செ.மீ., இடுப்பில் 6 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். பளபளப்பான பூச்சுப் பக்கம் உள்ளே வர வேண்டும். பாலியஸ்டர் நூல், 11-ஆம் நம்பர் பால்பாயின்ட் ஊசி. பருத்தி நூல் போட்டால் திரி மாதிரி ஈரத்தை வெளியே இழுத்துவரும். குண்டூசி குத்தக்கூடாது, குத்தின இடமெல்லாம் ஓட்டை. கிளிப் மாட்டித் தையுங்கள். தொடைக்குக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் பாலியூரித்தேன் எலாஸ்டிக் வாங்குங்கள், அதில் ரப்பர் இல்லை. இழுவை அளவு: குழந்தை உட்கார்ந்திருக்கும்போது தொடைக்கும் எலாஸ்டிக்குக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். படுத்த நிலையில் பார்த்தால் தளர்வாகத் தெரிந்து உட்கார்ந்ததும் இறுகிவிடும். எலாஸ்டிக் நேராகத் தோலில் படாமல் துணிக்குள் சுருட்டித் தையுங்கள். இடுப்பில் எலாஸ்டிக்கே வேண்டாம், வெல்க்ரோ போதும்.

---

உப்புக்கிணறு

போர் தண்ணில துணி டயப்பர் துவைக்கிறது தனி வித்தைங்க. உப்புத் தண்ணில சோப்புக்கட்டி போட்டா நுரை வராது, வெள்ளையா திரிஞ்சு நிக்கும் பாருங்க, அந்தத் திரிசல்தான் துணிக்குள்ள போய் உட்காருது. அப்புறம் துணி சொரசொரன்னு ஆகி, உறிஞ்சாம, ரெண்டே வாரத்துல அம்மோனியா வாடை அடிக்கும். அதனால சோப்புக்கட்டி வேண்டாம். பவுடர் இல்ல லிக்விட் டிடர்ஜென்ட் மட்டும்.

கையால துவைக்கிறதா இருந்தா இப்படிச் செய்யுங்க. அவிழ்த்த துணியை உடனே பச்சத் தண்ணில ஒரு தடவை அலசிப் பிழிஞ்சு மூடி இல்லாத கூடையில போடுங்க. மலம் இருந்தா ஹேண்ட் ஷவரால டாய்லெட்டுக்குள்ளயே அடிச்சுத் தள்ளிடணும். வாளித் தண்ணில நாள்பூரா ஊற வைக்காதீங்க, நம்ம சூட்டுக்கு அதுவே நாறிப்போகும். முதல் அலசு சுடுதண்ணியா இருக்கக் கூடாது, கறை பிடிச்சுக்கும்.

அப்புறம் 15 லிட்டர் வாளியில கை பொறுக்கிற சூடு தண்ணி, அதுல ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா போட்டு நல்லாக் கரைச்சுட்டு, அதுக்கப்புறம்தான் டிடர்ஜென்ட். சோடா முதல்ல தண்ணியோட உப்பைப் பிடிச்சுக்கும், டிடர்ஜென்ட் அழுக்கைப் பார்த்துக்கும். சமையலுக்குப் போடற ஆப்ப சோடா இல்ல, துணிக்கு விக்கிற வாஷிங் சோடா. கிளவுஸ் போட்டுக்கோங்க. அரை மணி நேரம் ஊறின பிறகு கசக்கி, மூணு தண்ணில அலசுங்க. கடைசி அலசு மட்டும் நல்ல தண்ணியா, கார்ப்பரேஷன் தண்ணியோ மழைத்தண்ணியோ இருந்தா ரொம்ப நல்லது.

மெஷின்னா, முதல்ல சோப்பு இல்லாம பச்சத் தண்ணில ஒரு ஓட்டம். அடுத்து துண்டும் பேடும் மட்டும் 60 டிகிரில முழு அளவு டிடர்ஜென்ட். கவரை 40-க்கு மேல போடாதீங்க, கொதிக்க வைக்காதீங்க, அயர்ன் பண்ணாதீங்க. பூச்சு துணியை விட்டுக் கொப்புளமா எழும்பிடும், அப்புறம் ஒழுகும். ஃப்ரண்ட் லோடு தண்ணியைக் கம்மியா எடுக்கும், அதனால எக்ஸ்ட்ரா ரின்ஸ் கண்டிப்பா. டிரம் முக்கால் பங்கு நிறையணும். பத்து துணியைப் போட்டு ஓட்டினா ஒண்ணோட ஒண்ணு உரசாது, அழுக்குப் போகாது. வீட்டு டவலைச் சேர்த்துக்கோங்க.

சேர்க்கக் கூடாதது: துணி மிருதுவாக்கற கண்டிஷனர், கஞ்சி, சொட்டு நீலம். கண்டிஷனர் இழை மேல மெழுகு மாதிரிப் படிஞ்சு உறிஞ்ச விடாது. நம்ம வீடுகள்ல கைக்குழந்தை துணிக்குக் கடைசி அலசுல கிருமிநாசினி லிக்விட் ஒரு மூடி ஊத்தற பழக்கம் இருக்கு. அது துணியில தங்கி, ஈரமும் சூடும் சேர்ந்து தோலை எரிக்கும். இந்தப் பொண்ணு எரியுதுன்னு சொல்லவும் மாட்டா. வேண்டவே வேண்டாம்.

சரியாத் துவைச்சிருக்கோமான்னு பார்க்க மூணு சோதனை இருக்கு. காய்ஞ்ச துணியை ஒரு மக்குல நல்ல தண்ணி எடுத்து முக்கிப் பிழிங்க. நுரை வந்தா சோப்பு மிச்சம். துணி மேல ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. முத்து மாதிரி நின்னா எண்ணெயோ க்ரீமோ. அந்த இடத்தைப் பாத்திரம் கழுவற லிக்விடும் பழைய பிரஷ்ஷும் வச்சுச் சுடுதண்ணில தேய்ச்சு, நுரை போற வரைக்கும் அலசுங்க. மூணாவது, காய்ஞ்ச துணில சுடுதண்ணி ஊத்தி மோந்து பாருங்க. அம்மோனியா வந்தா உள்ள சுத்தமாகல. டிடர்ஜென்ட் அளவைக் கூட்டணும், கூடவே அலசு ஒண்ணு கூட்டணும்.

பூஞ்சைப் புண் வந்து மருந்து போட்டுட்டு இருக்கும்போது துணியையும் கிருமி நீக்கணும், இல்லன்னா திரும்ப வரும். பருத்தித் துண்டை 10 நிமிஷம் கொதிக்க வைக்கலாம். ஃப்ளீஸ், கவர் கொதிக்கக் கூடாது. வெள்ளைத் துணிக்கு 5 சதவீத லிக்விட் பிளீச் 100 மி.லி.யை 10 லிட்டர் தண்ணில கலந்து அரை மணி நேரம் முக்கி, பிறகு ஒரு முழு வாஷ், நிறைய அலசு. இதைத் துவைச்ச துணிக்குத்தான் செய்யணும். யூரின் இருக்கிற துணில பிளீச் ஊத்தினா அம்மோனியாவோட சேர்ந்து விஷ வாயு வரும். வினிகரோட கலந்தாலும் அப்படித்தான். கிணத்துக்குப் போடற பிளீச்சிங் பவுடரைத் துணிக்குப் போடாதீங்க, அதுல சுண்ணாம்பு இருக்கு.

வெயில்ல காய வைங்க. கவரை மட்டும் பூச்சுப் பக்கம் வெயிலுக்குக் காட்டாம நிழல்ல.

---

சிறுமலைக்காற்று

எல்லாருக்கும் நன்றி. பழைய கவர்களைப் பார்த்தேன், எலாஸ்டிக் என்ன வகை என்று எங்குமே போடவில்லை, ஒதுக்கி வைத்துவிட்டேன். வெல்க்ரோ கவர் ஒன்றில் துண்டு மடித்துப் போட்டுப் பார்த்தோம். வீல்சேரில் உட்காரும்போது கூன் போட்டு முன்னால் சரிகிறாள். துண்டின் தடிமன்தான் காரணமா? இன்னொன்று, நடுவில் யூரின் வாடை அதிகமாக இருக்கிறது. துணி என்பதாலா?

---

நேர்முதுகு

தடிமன் காரணமாக இருக்கலாம்மா. எங்கே தடிமன் என்பதைப் பாருங்கள். துண்டின் மடிப்புகள் பின்பக்கம் சேர்ந்தால், இடுப்பு உட்காரும் நிலை மாறி முதுகு கூனலாம். தொடைகளுக்கு நடுவில் சேர்ந்தால் கால் விரியும், வாக்கரில் நடை அகலும். இடுப்பு மூட்டு ஏற்கெனவே நழுவியிருக்கிறது என்று எக்ஸ்-ரேயில் சொல்லியிருந்தால் கால் எவ்வளவு விரியலாம் என்று உங்கள் பிசியோவிடம் கேட்டுவிட்டே அடுக்கைக் கூட்டுங்கள்.

துண்டை முன்னால் இருந்து பின்னால் வரை ஒரே தடிமனாக மடிக்காதீர்கள். பெண் குழந்தைக்கு நனைவது நடுப்பகுதி. அங்கே மட்டும் முழு அடுக்கும் வரட்டும். உட்காரும் எலும்புக்குப் பின்னால் இரண்டே அடுக்கு. மடித்த பிறகு உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், அழுத்தின நிலையில் ஒரு விரல் தடிமனுக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்குள் கசிவு அடங்கவில்லையா, அடுக்கைக் கூட்டாமல் மாற்றும் இடைவெளியைக் குறையுங்கள். வீல்சேரில் அழுத்தம் குறைக்கும் குஷன் போட்டிருந்தால் அதன் வேலையையும் தடித்த டயப்பர் கெடுக்கும். குஷன் இருந்தாலும் 15, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை கைகளை ஊன்றித் தூக்கவோ பக்கவாட்டில் சாயவோ பழக்குங்கள்.

கவரின் பின் ஓரம் முதுகுத் தழும்பின் மேல் முடியக்கூடாது. தழும்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள். வீல்சேர் பெல்ட் விழும் இடத்தில் பிரஸ் பட்டன் இருந்தால் அது எலும்பில் புதையும். வெல்க்ரோவைத் தேர்ந்தெடுத்தது நல்லது, ஆனால் அதன் முள் பக்கம் ஓரத்தில் வெளியே நீண்டு தோலில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

வார்டுசிஸ்டர்

வாடைக்கு: கதீட்டர்ல வர்ற யூரினை ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சுப் பாருங்க. அது தெளிவா இருந்து, வாடை துணில மட்டும் இருந்தா துணிப் பிரச்சினை, உப்புக்கிணறு சொன்ன சோதனை பண்ணுங்க. கதீட்டர்ல வர்றதே கலங்கலாவோ, நாத்தமாவோ, ரத்தம் கலந்தோ இருந்தாலும், காய்ச்சல், வாந்தி, வழக்கத்தை விட அதிகக் கசிவு இருந்தாலும் துணியைக் குறை சொல்லிட்டு இருக்காதீங்க, டாக்டர்கிட்டப் போங்க. காய்ச்சலும் வாந்தியும் ஷண்ட் பிரச்சினையாவும் இருக்கலாம், தலைவலி, தூக்கக் கலக்கம் சேர்ந்தா அன்னைக்கே பார்க்கணும். யூரின் டெஸ்ட்டுக்கு டயப்பர் துணியைப் பிழிஞ்சு கொடுக்காதீங்க, அதுல தோல்ல இருக்கிற கிருமியும் சேர்ந்து வரும். புதுக் கதீட்டர்ல எடுத்தது மட்டும்தான் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்).

வெள்ளைத் துணில நிறம் நல்லாத் தெரியும். அதுக்காகவே உள் அடுக்குக்குக் கலர் துணி வேண்டாம்.

---

பவானிக்கூடல்

இதே திரியில் கேட்டுவிடுகிறேன். பையனுக்கு ஒன்றரை வயது, அவனுக்கு வெசிகோஸ்டமி (சிறுநீர்ப்பையிலிருந்து அடிவயிற்றில் துளை திறந்துவிடும் ஆபரேஷன்). அடிவயிற்றுத் துளை வழியாகத்தான் யூரின் சொட்டிக்கொண்டே இருக்கிறது. டயப்பர் அங்கே வரைக்கும் ஏறுவதில்லை, சட்டைதான் நனைகிறது. துணியில் வழி உண்டா?

---

நூல்கண்டு

உண்டு, இதில் துணி ரொம்பவே கைகொடுக்கும். ஈரிழைத் துண்டை நீளவாக்கில் நாலாக மடித்து, துளைக்கு மேலே மூன்று விரல் ஏறும்படி வயிற்றைச் சுற்றி ஒரு பட்டையாகக் கட்டுங்கள். முன்பக்கம் துளைக்கு நேரே இன்னொரு சிறு மடிப்பு. அதன் மேல் 15 செ.மீ. உயரத்தில் பி.யு.எல். பட்டை ஒன்று, பக்கவாட்டில் வெல்க்ரோ. வழக்கமான டயப்பர் கீழே மலத்துக்கு மட்டும். இரண்டும் தனித்தனி என்பதால் வயிற்றுப் பட்டையை மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றலாம், மலம் துளைப் பக்கம் ஏறாது. வெல்க்ரோ துளைக்கு நேரே வரக்கூடாது, பட்டை மூச்சு இழுக்கும்போது வயிற்றை அழுத்தக்கூடாது. சுற்றியுள்ள தோலில் க்ரீம் பூசும்போது துளையின் மேல் பூசிவிடாதீர்கள். துளை சுருங்கி வருவது போலத் தெரிந்தாலோ, உள்ளிருந்து சிவந்த சதை வெளியே பிதுங்கினாலோ, பட்டை வழக்கமான நேரத்துக்கு நனையாமல் உலர்ந்தே இருந்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.